இடிமெஷினுக்கு வைத்த பொட்டு

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, பழைய ஆள் ஒருவன் நாலு வார்த்தை எழுதித் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆளைத் தெரியாமல் கேட்டுவிட்டீர்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற பழக்கம் எனக்குக் கிடையாது; சந்தேகம் இருந்தால் என் வீட்டில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் உங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்திருந்தேன் அல்லவா? மேகத்துக்குள் மின்னல் எந்த இடத்தில் பிறந்து எந்தப் பக்கம் ஓடுகிறது என்று திரையில் புள்ளி புள்ளியாகக் காட்டினீர்கள். வெறும் ஒளியை வைத்துக்கொண்டே எங்கள் காலத்து நுணுக்குக்காட்டிக்கு எட்டாத பொடியையெல்லாம் பார்க்கலாம் என்றீர்கள். ஒரு சிட்டிகை மண்ணைப் போட்டால் அதில் என்னென்ன இரசாயனம் என்று பெயர் சொல்லும் பெட்டியையும் காட்டினீர்கள். வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். மறைப்பானேன், பொறாமையாகவும் இருந்தது. ஆனால் வெளியே வரும்போது என் கண் வேறோர் இடத்தில் மாட்டிக்கொண்டது. கணினியின் ஓரத்தில் ஒரு குங்குமப் பொட்டு. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. அந்தப் பொட்டைப் பார்த்ததால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது அறுபதுகளின் கடைசியில். பதுளைக்கும் ஹாலிஎலவுக்கும் மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அதன் ஓரத்தில் தகரக்கூரை போட்ட இரண்டு அறைகள். ஆராய்ச்சி நிலையம் என்று பெயர்ப்பலகை மட்டும் பெரிதாக இருந்தது. ஆட்கள் இரண்டே பேர். ஒருவர் ஆராய்ச்சி அலுவலர், கொழும்பிலும் பிறகு வெளிநாட்டிலும் படித்துவிட்டு வந்த சிங்களப் பெண்மணி. தோட்டமே அவரை ‘மிஸ்’ என்று கூப்பிட்டது, நானும் அப்படியே கூப்பிட்டேன். மற்றவன் நான். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தொழிலாளர் லயம் ஒன்றில் பிறந்து, பதுளையில் படித்து, எப்படியோ பரீட்சை தேறி, உதவியாளன் என்ற பதவியோடு போய் இறங்கினேன். வெள்ளைக் கோட்டைப் போட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதலில் கொடுத்த வேலை கொப்புள நோய். தேயிலையின் இளம் இலையில் அம்மை போட்டதுபோல் வருமே, அதுதான். அதை உண்டாக்கும் பூஞ்சணத்தின் வித்திகள் காற்றில் எவ்வளவு பறக்கின்றன என்று பார்க்க, பிசுக்குத் தடவிய கண்ணாடித் துண்டைத் தேயிலை மலையில் வைப்போம். மறுநாள் எடுத்து வந்து நுணுக்குக்காட்டிக்கு அடியில் வைத்து எண்ணுவோம். எண்ணிக்கை ஏறினால் தோட்டத்தில் செம்பு மருந்து அடிப்பார்கள். சேர்ந்த இரண்டாவது வாரம் ஒரு காலையில் எண்ண ஆரம்பித்தேன். எண்ணுகிறேன், எண்ணுகிறேன், முடிகிற பாடில்லை. ஓரம் கறுத்து, நடுவில் பளபளவென்று, கண்ணாடி முழுக்க வட்டம் வட்டமாக அப்பிக் கிடந்தது. ஐயோ, தோட்டமே போச்சு என்று நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மிஸ்ஸிடம் ஓடினேன்.

அவர் வந்து ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“தம்பி, இது நோய் இல்ல. காத்து. கண்ணாடிய மூடும்போது நீங்க உள்ள புடிச்சு வச்ச காத்து.”

காற்றுக் குமிழிகள்! காலையெல்லாம் உட்கார்ந்து குமிழி எண்ணியிருக்கிறேன். காது மடல் சுட்டது.

“எண்ணும்போது சந்தேகம் வரலையா?” என்றார்.

“வந்திச்சு மிஸ். வித்தின்னா கொஞ்சம் நீளமா இருக்குமே, இது என்னா வட்டமா இருக்குன்னு.”

“அப்புறம் ஏன் எழுதினீங்க?”

“எழுதாம விட்டா வேல தெரியாதவன்னு நெனப்பீங்களேன்னு...”

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்து முடித்து அடிக்கோலை எடுத்து, என் நோட்டுப் புத்தகத்தில் நேரம், அளவு என்றிருந்த இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டார். அதன் தலையில் ‘தெரியாது’ என்று தமிழிலேயே எழுதினார். “இதுலயும் எழுதலாம். இதுக்கும் சேத்துத்தான் சம்பளம்” என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பரீட்சை தேறியவனைப் பார்த்து என்ன பேச்சு! அன்றிலிருந்து இரண்டு வருடம் அந்தக் கட்டத்தில் ஒரு துளி மை படவில்லை. அவ்வளவு கெட்டிக்காரன் நான்.

அதற்கப்புறம் வந்ததுதான் இடிமெஷின். மிஸ்ஸின் உண்மையான படிப்பே வானத்து மின்சாரம்தான். கொப்புள நோயெல்லாம் நிலையத்தை நடத்துவதற்காகப் பார்த்த வேலை.

நம் ஊவா மலைநாட்டில் ஐப்பசி இடி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும். மத்தியானம் தாண்டினால் நமுனுகுல மலையின் தலையில் மேகம் உட்காரும். பிறகு அது எந்தப் பக்கம் எழுந்து வரும் என்று யாருக்கும் தெரியாது. தோட்டத்தின் உச்சியில் இருந்தது ஏழாம் நம்பர் மலை. நிழலுக்கு நட்ட சவுக்கு மரங்களைத் தவிர அங்கே ஒதுங்க இடமில்லை. மெஷின் வருவதற்கு முந்திய ஐப்பசியில், மழைக்கு ஒரு மரத்தடியில் ஒதுங்கிய செல்லம்மா என்ற கொழுந்து எடுக்கும் பெண் திரும்பி வரவில்லை. அவருடைய அக்கா ராக்கம்மா பத்தடி தள்ளி நின்றிருந்தார்.

ராக்கம்மாக்கா தோட்டத்திலேயே கைவேகம் என்று பெயரெடுத்தவர். தங்கச்சி போன பிறகு அவரிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. நாலு செடியில் கொழுந்து எடுப்பார், நிமிர்ந்து வானத்தைப் பார்ப்பார். இன்னும் நாலு செடி, மறுபடியும் வானம். வெயில் கொளுத்துகிற மாசியிலும் அப்படித்தான். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அவர் கூடைதான் எப்போதும் குறைவாக நிற்கும். “ஏன்டி ராக்கு, வானத்துல என்னா கொழுந்தா தளுத்திருக்கு?” என்று கூட எடுக்கும் பெண்கள் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார், ஆனால் பார்ப்பதை விடமாட்டார்.

மெஷின் பார்ப்பதற்கு ஒன்றும் பிரமாதமில்லை. வெளியே மேடை போட்டு, மூன்று பீங்கான் கால்களின்மேல் ஒரு செப்புத் தட்டு. அதற்கு மேலே மெதுவாகச் சுழலும் ஒரு விசிறி. தட்டிலிருந்து கம்பி உள்ளே வந்து ஒரு ஊசியை ஆட்டும். வானத்தில் மின்சாரம் ஏற ஏற ஊசியும் ஏறும். சிவப்புக் கோட்டைத் தாண்டினால் இடி வரப்போகிறது என்று அர்த்தம். மெஷினைப் பூட்டிய அன்று மிஸ் அதைப் பற்றி ஒரு மணிநேரம் விளக்கினார். நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். எதற்குத் தலையாட்டினேன் என்பது ஒன்றரை வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது, அதைச் சொல்லத்தான் போகிறேன்.

வாசலில் ஒரு முழத் தண்டவாளத்தைக் கட்டித் தொங்கவிட்டோம். ஊசி கோட்டைத் தாண்டினால் நான் சுத்தியலால் அதை அடிப்பேன். சத்தம் கேட்டதும் ஏழாம் நம்பரில் இருக்கும் நாற்பது பெண்களும் நிலையத்துக்குப் பக்கத்து மடுவத்துக்கு இறங்கிவிட வேண்டும். அப்படி இறங்கினால் அவர்களுடைய பேரை வெட்டக்கூடாது, அன்றைக்குரிய சம்பளம் முழுசாக விழவேண்டும். இதற்குத் தோட்டத்தின் உதவி நிர்வாகியான சின்னத்துரையைச் சம்மதிக்க வைக்க மிஸ் மூன்று தடவை பங்களாவுக்கு நடந்தார்.

சின்னத்துரை கெட்டவர் என்று சொல்லமாட்டேன். சின்ன வயசு, மோட்டார் சைக்கிள், மேலே பெரியதுரைக்குப் பதில் சொல்ல வேண்டிய பயம், அவ்வளவுதான். நானோ அவருடைய பொறுமையை இரண்டு தடவை சோதித்துவிட்டேன். முதல் தடவை மணி அடித்தேன், மேகம் பசறைப் பக்கம் திரும்பிப் போய்விட்டது. அது என் குற்றமில்லை. இரண்டாவது தடவை ஊசி துள்ளியது, அடித்துவிட்டேன். வெளியே போய்ப் பார்த்தால் தட்டின்மேல் ஒரு காக்கை உட்கார்ந்து சிறகு கோதிக்கொண்டிருக்கிறது. சின்னத்துரை மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலேயே சொன்னார்: “இன்னொரு தடவ இப்படி நடந்தா தண்டவாளத்தக் கழட்டிருவேன் மேன். உங்க மிஸ் வந்து அழுதாலும் சரி.”

அடுத்து வந்த ஆயுத பூஜை அன்று மிஸ் கொழும்பில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். நிலையத்துக்கு நான்தான் ராஜா. தோட்டத்தில் ஆயுத பூஜை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். தொழிற்சாலை இயந்திரத்திலிருந்து செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி வரைக்கும் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள். லொறிக்கு மாலை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்குவார்கள். என் மெஷின் மட்டும் மூளியாக நிற்கலாமா? நுணுக்குக்காட்டிக்கு ஒரு பொட்டு வைத்தேன். தராசுக்கு ஒன்று. இடிமெஷினின் ஊசிப் பெட்டியில் வைக்க இடம் போதவில்லை. வெளியே மூன்று பீங்கான் கால்கள் வெள்ளை வெளேரென்று, வா வந்து வை என்று நின்றன. சந்தனத்தைக் குழைத்து மூன்றுக்கும் சுற்றிப் பட்டை போட்டு, நடுவில் தாராளமாகக் குங்குமம் வைத்து, சூடம் காட்டிக் கும்பிட்டேன். மறுநாள் காலையில் ஈரத்துணியால் துடைத்தும் விட்டேன். கால்கள் பழையபடி வெள்ளையாகிவிட்டன. விஞ்ஞானமும் ஆயிற்று, பக்தியும் ஆயிற்று என்று எனக்கு ரொம்பத் திருப்தி.

துடைத்துவிட்ட அன்று காலையிலிருந்தே ஊசி பூஜ்யத்தில் நின்றது. இம்மியும் அசையவில்லை. இரண்டு தடவை மூக்கறுபட்டவனுக்கு இதைவிட வேறென்ன சந்தோஷம் வேண்டும்? அரை மணிக்கு ஒரு தடவை நோட்டுப் புத்தகத்தில் பூஜ்யம், பூஜ்யம் என்று அழகாக எழுதினேன். சாமி கண்ணைத் திறந்துவிட்டார் என்றே நினைத்தேன். பத்து மணி வாக்கில் கூடையோடு ஏழாம் நம்பருக்குப் போன பெண்கள் என் வாசலைக் கடந்தார்கள். ராக்கம்மாக்கா மட்டும் நின்றார்.

“தம்பி, மெஷினு என்னா சொல்லுது?”

“பூஜ்யம் அக்கா! சுத்தமா ஒண்ணுமில்ல. இன்னைக்கு ஒரு நாளாச்சும் நிமிராம எடுங்க.”

“நெசமாவா?”

“நான் இருக்கேன்ல?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு மலை ஏறினார். ‘நான் இருக்கேன்ல’ என்று சொன்ன வாயை இன்றைக்கு நினைத்தாலும் அறையலாம்போல இருக்கிறது.

மத்தியானம் மிச்சமிருந்த சுண்டலைக் கொறித்துக்கொண்டே நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். மிஸ் வந்ததும் இந்தப் பூஜ்யங்களைக் காட்டிப் பெருமை அடிக்க வேண்டும், இதற்கு முன்னால் இத்தனை பூஜ்யம் சேர்ந்தாற்போல் வந்த நாள் உண்டா என்று பார்க்கலாம் என்றுதான் புரட்டினேன். முந்திய வாரம், மூன்று, இரண்டு, நாலு. முந்திய மாதம், இரண்டு, மூன்று, மூன்று. மாசி மாதத்து வெயிலிலும் மூன்று. பின்னுக்குப் பின்னுக்குப் போனேன். ஒன்றரை வருடத்தில் ஒரு பூஜ்யம்கூட இல்லை.

சுண்டலைக் கீழே வைத்தேன். மெஷினைப் பூட்டிய அன்று மிஸ் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது: “மேகமே இல்லாத நாள்லயும் வானத்துல கொஞ்சம் மின்சாரம் இருக்கும் தம்பி. ஊசி எப்பவும் சும்மா நிக்காது.” அப்படியானால் இந்தப் பூஜ்யம் அமைதி இல்லை. மெஷின் குருடாகிவிட்டது. காலையிலிருந்து ஒரு குருட்டு மெஷினைப் பார்த்துத்தான் நான் வானம் நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அதை நம்பி ஒருவர் அதோ ஏழாம் நம்பரில் தலை நிமிராமல் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்.

வெளியே ஓடிப் பார்த்தேன். விசிறி சுழல்கிறது. கம்பி சரியாக இருக்கிறது. கால்கள் வெள்ளையாக இருக்கின்றன. காக்கையும் இல்லை. நமுனுகுல மலைமேல் வழக்கமான மேகம் உட்கார்ந்திருந்தது, அது இல்லாத நாளே கிடையாது. என்ன கோளாறு என்று ஒன்றும் விளங்கவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டு மணி அடிக்கலாமா, அடித்துவிட்டுக் காரணத்தைத் தேடலாமா? அடித்து ஒன்றும் வராவிட்டால் தண்டவாளம் போய்விடும், அதற்கப்புறம் எந்த ஐப்பசியிலும் அந்தப் பெண்களுக்கு மணி கிடையாது. அடிக்காமல் விட்டால்? சுத்தியலை எடுத்தேன், அடித்தேன்.

நாற்பது பேரும் இறங்கி வந்தார்கள். நல்ல வெயில். ஒரு தூறல்கூட இல்லை. பறித்த கொழுந்துச் சாக்குகளைப் பெரிய சவுக்கு மரத்தடியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். “என்னா தம்பி, வெயிலு இடிக்கிதா?” என்று ஒரு பெண் கேட்க, மற்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

“ஊசி என்ன காட்டுது?” என்றார் சின்னத்துரை.

“பூஜ்யம் சார்.”

“பூஜ்யத்துக்கு மணி அடிக்கிற ஆள இப்பத்தான் மேன் பாக்கிறேன்.”

“மெஷினுக்குக் கண்ணு தெரியல சார். அது சரியா வேல செய்யல.”

“ஏன் செய்யல?”

“தெரியாது சார்.”

“இடி வருமா, வராதா?”

“அதும் தெரியாது சார்.”

இரண்டு வருடமாக எழுத மறுத்த வார்த்தையை நாற்பது பேர் முன்னால் இரண்டு தடவை சொன்னேன். பெண்கள் மறுபடியும் சிரித்தார்கள். ராக்கம்மாக்கா மட்டும் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். சின்னத்துரைக்கு முகம் சிவந்துவிட்டது. “எல்லாம் மலைக்குப் போ! நாளைக்கு இந்தத் தண்டவாளம் இங்க இருக்கக்கூடாது” என்று கத்தினார். பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே ஏழாம் நம்பர் பாதையில் ஏற ஆரம்பித்தார்கள். மேலே போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும்.

அந்த அரை மணிதான் எனக்கு மிச்சம். மெஷினை நிறுத்திவிட்டு, சவர அலகால் ஒரு பீங்கான் காலைச் சுரண்டி, சுரண்டியதைக் கண்ணாடியில் போட்டு நுணுக்குக்காட்டியில் வைத்தேன். சின்னத்துரை போகாமல் வாசலில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தார். வெள்ளையாகத் தெரிந்த காலில், வெறும் கண்ணுக்குத் தெரியாத சிவப்புத் துகள்கள்! பிசுக்கில் ஒட்டி, ஈரத்தில் ஊறி, காலைச் சுற்றி ஒரு பூச்சாகவே படிந்திருந்தன. செம்மண்ணா, வேறேதாவதா? பூஜைக்கு வாங்கிய எலுமிச்சம்பழம் மேசையில் இருந்தது. ஒரு சொட்டுப் பிழிந்தேன். கண்ணெதிரே சிவப்பு மஞ்சளாக மாறியது.

குங்குமம்! மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பு, அதில் புளிப்புப் பட்டால் மறுபடியும் மஞ்சள். சோறு ஆக்குகிறவர்களுக்கே தெரிந்த இரசாயனம் இது. நான் துணியை நனைத்துத் துடைத்தபோது பொட்டு போகவில்லை, கால் முழுக்கப் பரவியிருக்கிறது. தட்டில் சேரவேண்டிய மின்சாரமெல்லாம் அந்த ஈரப்பூச்சு வழியே சத்தமில்லாமல் தரைக்கு இறங்கியிருக்கிறது.

“என்ன அது?” என்று சின்னத்துரை குனிந்தார். மறைத்திருக்கலாம். தூசி சார் என்று சொல்லியிருந்தால் அவருக்கு என்ன தெரியப்போகிறது?

“குங்குமம் சார். நேத்து பூசைக்கு நான்தான் வச்சேன். மெஷினக் கெடுத்தது நான்தான்.”

அவர் நுணுக்குக்காட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திட்டுவதற்கு வாயைத் திறந்தார். முதல் வார்த்தை வருவதற்குள் நான் ஸ்பிரிட் போத்தலோடு வெளியே ஓடிவிட்டேன். மூன்று கால்களையும் ஸ்பிரிட்டால் கழுவி, உலர்ந்த துணியால் பளபளவென்று தேய்த்தேன். விசிறியை ஓடவிட்டு உள்ளே வந்து ஊசியைப் பார்த்தேன்.

ஊசி சிவப்புக் கோட்டைத் தாண்டி, பெட்டியின் அந்தப் பக்கத்து ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. அப்படி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. வாசல் வழியே பார்த்தால் நமுனுகுலவைக் காணோம். மேகம் எழுந்து எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது.

“சார்!” என்று மட்டும் சொன்னேன். அவருடைய பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தண்டவாளத்தை வெறிபிடித்தவன்போல் அடித்தேன். பெண்கள் மேல் வளைவில் நின்றார்கள். திரும்பிப் பார்த்தார்கள். யாரோ கையை ஆட்டி ஏதோ சொல்ல, இரண்டு மூன்று பேர் மறுபடியும் ஏற ஆரம்பித்தார்கள். ஒரு தடவை ஏமாந்தவர்கள், அவர்களை எப்படிக் குறை சொல்வது? நான் அடித்துக்கொண்டே இருந்தேன். கூட்டத்திலிருந்து ஒரே ஒருவர் கூடையைக் கழற்றி வீசிவிட்டுக் கீழே ஓடி வந்தார். வரும் வழியில் முன்னால் நின்றவளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டும் வந்தார். ராக்கம்மாக்காதான். அவரைப் பார்த்து இன்னொருத்தி, அவளைப் பார்த்துப் பத்துப் பேர், பிறகு எல்லோரும்.

கடைசிப் பெண் மடுவத்துக்குள் நுழைந்து கொஞ்ச நேரம்தான் இருக்கும். மழைகூட இன்னும் விழவில்லை. வானம் வெடித்தது. ஏழாம் நம்பரின் பெரிய சவுக்கு மரம் உச்சியிலிருந்து வேர்வரை பட்டை உரிந்து போயிற்று. அதன் அடியில் பெண்கள் வைத்துவிட்டு வந்த கொழுந்துச் சாக்குகள் மழையிலும் புகைந்தன. திரும்பிப் போயிருந்தால் அவர்கள் முதலில் அந்தச் சாக்குகளிடம்தான் போயிருப்பார்கள்.

சின்னத்துரை மழையில் நனைந்தபடியே என் பக்கம் வந்தார். “தண்டவாளம் இருக்கட்டும் மேன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்று யாருடைய பேரும் வெட்டப்படவில்லை.

நான் ராக்கம்மாக்காவிடம் போனேன். “எல்லாரும் நிக்கயில நீங்க மட்டும் ஏங்க்கா ஓடியாந்தீங்க?”

“மொத தடவ தெரியாதுன்னு தொரகிட்டயே சொன்னியே. தெரியாதப்ப தெரியாதுன்னு சொன்னவன், இப்ப இப்படிப் போட்டு அடிக்கிறான்னா அவனுக்கு என்னமோ தெரிஞ்சிருச்சின்னுதான் அர்த்தம்” என்றார். பிறகு, “காலையில நான் இருக்கேன்லன்னு சொன்னியே, அப்பத்தான் நம்பல” என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சிரித்தேனா அழுதேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

மிஸ் வந்ததும் நடந்ததையெல்லாம் சொன்னேன். வேலை போய்விடும் என்று பெட்டியைக்கூடக் கட்டி வைத்திருந்தேன். அவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, என்னுடைய அழகான பூஜ்யங்கள் ஒவ்வொன்றையும் அடித்துவிட்டு, பேனாவை என் கையில் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் நேராக மூன்றாவது கட்டத்தில் ‘தெரியாது’ என்று என் கையாலேயே எழுத வைத்தார். எழுதி முடித்ததும், “எலுமிச்சம்பழ யோசன நல்லா இருந்திச்சு தம்பி” என்றார். பெட்டியை அவிழ்த்தேன்.

உங்கள் கணினியிலிருக்கும் பொட்டை அழிக்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை. கும்பிடுங்கள், நானும் இன்றுவரை கும்பிடுகிறவன்தான். எந்தக் கருவிக்கு எந்த இடத்தில் வைக்கலாம் என்று மட்டும் கேட்டுவிட்டு வையுங்கள். திரையில் எல்லாம் நல்லபடியாக, ஆடாமல் அசையாமல் தெரிகிறதா? ஒரு தடவை பழைய பக்கங்களைப் புரட்டுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அடுத்த வருடம் ஆயுத பூஜை அன்று, ராக்கம்மாக்கா தட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு நிலையத்துக்கே வந்துவிட்டார். நான் பதறிப்போய் இரண்டு கையையும் விரித்து மெஷினை மறித்து நின்றேன்.

“அக்கா, அதுக்கு மட்டும் வேணாங்க்கா!”

“எனக்குத் தெரியாதாக்கும்? அதுக்கு வச்சா அது கண்ணு அவிஞ்சிரும். தள்ளு அங்கிட்டு” என்று என்னைக் கடந்து போய்த் தண்டவாளத்துக்குப் பொட்டு வைத்தார். சூடம் காட்டினார். கும்பிட்டு முடித்ததும் சுத்தியலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“நல்ல நாளும் அதுவுமா ஒரே ஒரு தடவ அடிச்சுக் காட்டு தம்பி. பக்கத்துல நின்னு கேக்கணும்போல இருக்கு.”

வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஊசி மூன்றில் ஆடிக்கொண்டிருந்தது. அந்த மனுஷி கேட்டு நான் எதை மறுப்பேன்? ஆனாலும் சுத்தியலை வாங்கிக் கீழே வைத்தேன்.

“சும்மா அடிக்க மாட்டேங்க்கா.”

“நான் கேட்டாலுமா?”

“நீங்க கேட்டாலும்.”

அவர் முகம் மலர்ந்தது. “அதத்தான் பாத்தேன்” என்று தட்டைத் தூக்கிக்கொண்டார். வாசல்வரை போய்த் திரும்பினார். “இனிமே வானத்த நீ பாத்துக்க தம்பி. நான் கொழுந்தப் பாத்துக்கிறேன்.”

மறுநாள் அவர்கள் ஏழாம் நம்பரில் கொழுந்து எடுப்பது என் வாசலிலிருந்து தெரிந்தது. ராக்கம்மாக்காவின் முக்காடு வரிசையில் எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம்வரை அவர் ஒரு தடவைகூட நிமிரவில்லை. நானும் ஊசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.